கடல் எந்தப் பக்கம்? முதல் கடலோரச் சாலைப் பயணத்தைத் திட்டமிடும் முறை

விடுமுறையில் கடலோரமாகவே கார் ஓட்டிக்கொண்டு போகலாம் என்று முடிவானதும், பலரும் முதலில் வரைபடத்தைத் திறந்து எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பார்கள். நெடுஞ்சாலைப் பயணத்துக்கு அந்தக் கணக்கு போதும். கடலோரச் சாலையில் அது கடைசியாகப் பார்க்க வேண்டிய கணக்கு. கடல் எந்தப் பக்கம் வரும், தண்ணீர் எப்போது ஏறும், வெயில் எந்த நேரத்தில் கண்ணில் அடிக்கும், காற்று எப்போது கிளம்பும் என்பவை தெரிந்தால், நாளுக்கு எவ்வளவு தூரம் என்பது தானாகவே முடிவாகிவிடும். இதுவரை கடலோரச் சாலையில் வண்டி ஓட்டாதவர்களை மனதில் வைத்துத்தான் கீழே உள்ள படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். வரிசையை மாற்ற வேண்டாம். தங்குமிடத்தை முதலில் பதிவு செய்துவிட்டு மற்றதை அதற்கேற்ப வளைக்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

படி 1: முழுச் சாலை வேண்டாம், ஒரு துண்டு போதும்

பெயர்பெற்ற கடலோரச் சாலைகளின் நீளம் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதது. நார்வேயின் அட்லாண்டிக் சாலை 8 கிலோமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். எட்டுப் பாலங்கள், தீவிலிருந்து தீவுக்குத் தாவும் சாலை, நிற்காமல் போனால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆஸ்திரேலியாவின் கிரேட் ஓஷன் ரோடு சுமார் 240 கிலோமீட்டர். ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றும் நார்த் கோஸ்ட் 500 பாதை 800 கிலோமீட்டருக்கு மேல். ஐஸ்லாந்தைச் சுற்றும் ரிங் ரோடு 1,300 கிலோமீட்டரைத் தாண்டும். அயர்லாந்தின் வைல்ட் அட்லாண்டிக் வே ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர்.

முதல் பயணத்துக்கு 200 முதல் 300 கிலோமீட்டர் உள்ள துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று நாள் ஒதுக்குங்கள். இது கொஞ்சமாகத் தோன்றும். ஆனால் கடலோரச் சாலையில் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தச் சொல்லி வண்டிக்குள்ளிருந்து குரல் வரும். அந்தக் குரலுக்கு இடம் கொடுக்கத்தான் கிளம்புகிறோம்.

துண்டைத் தேர்ந்ததும் வரைபடத்தைப் பெரிதாக்கி, சாலை உண்மையிலேயே கடலை ஒட்டிப் போகிறதா என்று பாருங்கள். 'கடலோரச் சாலை' என்ற பெயரை நம்பிவிடக் கூடாது. கிரேட் ஓஷன் ரோட்டிலேயே அப்பல்லோ பே ஊரைத் தாண்டியதும் சாலை கடலை விட்டு விலகி ஓட்வே மழைக்காட்டுக்குள் நெடுந்தூரம் போகிறது. அழகான காடுதான். ஆனால் கடலைப் பார்க்கும் ஆசையில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். கடல் தெரியும் பகுதிகளை ஒரு நிறத்திலும் உள்ளே ஒதுங்கும் பகுதிகளை வேறு நிறத்திலும் குறித்து வையுங்கள். அடுத்த படிகளுக்கு இது உதவும்.

படி 2: எந்த முனையிலிருந்து தொடங்குவது?

அதிகம் பேர் யோசிக்காமல் விடுவதும், பயணத்தையே மாற்றிவிடுவதும் இந்த ஒரு முடிவுதான்.

விதி எளிது. இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளில் (இந்தியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஜப்பான், தென்னாப்பிரிக்கா போன்றவை) கடல் உங்கள் இடக்கைப் பக்கம் வரும்படி போங்கள். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் கடல் வலக்கைப் பக்கம் வரட்டும். அப்போது நடுவில் எதிர்வரிசை வண்டிகள் இருக்காது. உங்களுக்கும் கடலுக்கும் இடையில் சாலையின் ஓரம் மட்டும்தான். அதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. கடல் பார்க்கும் நிறுத்தங்கள் பெரும்பாலும் கடல் பக்கமாகத்தான் இருக்கும். எதிரே வரும் வண்டிகளுக்குக் குறுக்கே திரும்பாமல் நேராக உள்ளே ஒதுங்கலாம், அதேபோல் வெளியே வரலாம். வளைவு நிறைந்த, எதிரே வருவது தெரியாத சாலையில் குறுக்கே திரும்புவது புதியவர்களுக்கு மிகவும் கடினமான வேலை.

இந்த விதியைச் சில இடங்களில் பொருத்திப் பார்ப்போம். கலிபோர்னியாவின் நெடுஞ்சாலை 1 மேற்குக் கரையில் இருக்கிறது, அங்கே வலப்பக்க ஓட்டம். எனவே வடக்கிலிருந்து தெற்கே, சான்பிரான்சிஸ்கோ பக்கமிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கமாக. கிரேட் ஓஷன் ரோடு தென்கரையில் இருக்கிறது, இடப்பக்க ஓட்டம். எனவே கிழக்கிலுள்ள டார்க்கியில் தொடங்கி மேற்கே. தீவைச் சுற்றுவதானால் இன்னும் சுலபம்: இடப்பக்க ஓட்டம் என்றால் கடிகார முள் சுற்றும் திசை, வலப்பக்க ஓட்டம் என்றால் அதற்கு எதிர்த்திசை.

விதிவிலக்குகளும் உண்டு. அயர்லாந்தின் ரிங் ஆஃப் கெர்ரி என்ற சுற்றுச்சாலையில் சுற்றுலாப் பேருந்துகள் வழக்கமாகக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகின்றன. கடல் உங்கள் பக்கம் வர வேண்டும் என்று கடிகாரத் திசையில் கிளம்பினால், குறுகிய வளைவுகளில் அத்தனை பேருந்துகளையும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டியிருக்கும். அங்கே பேருந்துகளின் திசையிலேயே, அவை கிளம்பும் முன் அதிகாலையில் போவதுதான் புத்திசாலித்தனம். இன்னொரு விதிவிலக்கு மனிதர்கள். பள்ளத்தைப் பார்த்தால் தலைசுற்றும் என்பவர் வண்டியில் இருந்தால், அதிலும் அவரே ஓட்டுநர் என்றால், திசையைத் தலைகீழாக மாற்றிவிடுங்கள். ஒரு வரிசை தள்ளிப் போவதால் காட்சி கொஞ்சம் குறையும், நிம்மதி நிறையக் கூடும்.

படி 3: பருவம், மூடிய சாலை

கோடைதான் கடற்கரைக்கு ஏற்ற காலம் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கலிபோர்னியக் கரையில் கடல்நீர் குளிர்ச்சியானது. உள்நாட்டில் வெப்பம் ஏற ஏற, கரையை மூடுபனி போர்த்திக்கொள்ளும். மே, ஜூன் மாதங்களில் அங்கே போய்ச் சாம்பல் நிற வானத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் உண்டு. செப்டம்பர், அக்டோபரில் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். போகும் கரைக்கு மழை எப்போது, மூடுபனி எப்போது, புயல் காலம் எப்போது என்று பார்த்துவிட்டு விடுப்புக்கு எழுதிக் கொடுங்கள்.

பிறகு சாலை திறந்திருக்கிறதா என்று பாருங்கள். செங்குத்தான மலைக்கும் கடலுக்கும் நடுவில் வெட்டிய சாலைகளில் மண் சரிவது சகஜம். கலிபோர்னியாவின் பிக் சர் பகுதியில் 2017 மே மாதம் மட் க்ரீக் என்ற இடத்தில் மலை சரிந்து சாலையை அப்படியே விழுங்கிவிட்டது. மறுபடி திறக்க 2018 ஜூலை ஆனது. இப்படிப்பட்ட சாலைகளில் குறுக்குச் சாலைகள் மிகக் குறைவு. ஓர் இடத்தில் அடைபட்டால் மலையைச் சுற்றிக்கொண்டு பல மணி நேரம் ஓட்ட வேண்டும். அந்தந்தப் பகுதியின் நெடுஞ்சாலைத் துறை இணையதளத்தை முன்பதிவுக்கு முன்னால் ஒருமுறை, கிளம்பும் நாள் காலையில் ஒருமுறை பாருங்கள். வண்டிக் கட்டுப்பாடுகளும் அங்கேதான் தெரியவரும். உதாரணமாக, இத்தாலியின் அமால்ஃபி கரையில் நெரிசல் மிகுந்த நாட்களில் வண்டி எண்ணின் ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்த்துத்தான் விடுவார்கள்.

படி 4: ஓத அட்டவணையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

பள்ளிப் பாடத்தில் உயர் ஓதம் (கடல் மிக உயர்ந்து நிற்கும் நேரம்), தாழ் ஓதம் (மிகத் தாழ்ந்து நிற்கும் நேரம்) என்று படித்திருப்போம். பரீட்சையோடு மறந்திருப்போம். இப்போது அது தேவை.

பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்கும். ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஓத நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். இன்று காலை 9 மணிக்குத் தண்ணீர் வற்றியிருந்த மணல்திட்டு, நாளை மறுநாள் அதே நிலைக்கு வரும்போது மணி பத்தரையைத் தாண்டியிருக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் பெரிதாக இருக்கும். அஷ்டமியை ஒட்டி, அதாவது பாதி நிலா தெரியும் நாட்களில், வித்தியாசம் குறைவு. பாறைக்குளங்கள், குகைகள், வளைவுப் பாறைகள் பார்க்கும் ஆசை இருந்தால் முதல் வகை நாட்களைத் தேர்ந்தெடுங்கள்.

அட்டவணை கிடைப்பது கடினமில்லை. கரையுள்ள நாடுகளில் பெரும்பாலும் அரசு நிறுவனங்களே துறைமுக வாரியாக வெளியிடுகின்றன, செயலிகளும் இருக்கின்றன. அதில் பார்க்க வேண்டியவை மூன்று: உங்களுக்கு மிக அருகிலுள்ள துறைமுகம், தாழ் ஓத நேரம், ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள உயர வித்தியாசம். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கும் நாடுகளில், அட்டவணை நேரமும் அதற்கேற்ப மாற்றப்பட்டிருக்கிறதா என்றும் கவனியுங்கள். சில அட்டவணைகளில் ஒரு மணி நேரத்தை நாமே கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறாது என்பதை மறக்க வேண்டாம். தாழ் ஓதத்திலிருந்து உயர் ஓதத்துக்கு ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், முதல் மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் வரும். இரண்டாவது மணியில் இரண்டு பங்கு. மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று பங்கு. பிறகு மறுபடி குறையும். அதாவது நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் வந்துவிடும். 'இன்னும் கொஞ்சம்தானே ஏறியிருக்கிறது' என்று நினைத்து நிற்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். பாறைமுனையைச் சுற்றி நடக்கப் போவதானால், தாழ் ஓதத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே நடக்கத் தொடங்குங்கள். தாழ் ஓத நேரம் வந்ததும், எங்கே இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

சில சாலைகளே ஓதத்துக்குக் கட்டுப்பட்டவை. இங்கிலாந்தின் லிண்டிஸ்ஃபார்ன் தீவுக்குப் போகும் சாலை தினமும் இரண்டு முறை கடலுக்குள் மூழ்கும். பிரான்சின் பாசாஜ் து குவா சாலையும் அப்படித்தான், நாலு கிலோமீட்டருக்கு மேல் நீளம். பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்களை அறிவித்திருப்பார்கள். முன்னால் இன்னொரு வண்டி போகிறதே என்று பின்னால் போகக் கூடாது. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ஓத வித்தியாசம் 16 மீட்டர் வரை போகும், உலகிலேயே இதுதான் அதிகம். அங்குள்ள ஹோப்வெல் பாறைகளின் அடியில் காலையில் நடந்துவிட்டு, அதே இடத்தில் மாலையில் படகு விடலாம்.

மத்தியதரைக் கடலோரம் போகிறவர்கள் இந்தப் படியைப் பெரும்பாலும் தாண்டிவிடலாம். அங்கே ஓதம் மிகச் சிறியது.

படி 5: ஒரு நாளை அடுக்குவது

இனிதான் கிலோமீட்டர். வரைபடச் செயலி காட்டும் நேரத்தை ஒன்றரை மடங்காக்குங்கள். அதற்குமேல் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் அரை மணி கூட்டுங்கள். வளைவுச் சாலையில் சராசரியாக மணிக்கு 40, 50 கிலோமீட்டர் போனாலே நல்ல வேகம். இந்தக் கணக்கில் ஒரு நாள் ஓட்டம் நான்கு மணி நேரத்தைத் தாண்டினால் எதையாவது வெட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால்மணி ஓய்வு என்பது எந்தச் சாலைக்கும் பொருந்தும் அடிப்படை.

அடுத்தது வெயில். மேற்கு நோக்கிய கரையில் காலையில் சூரியன் உங்களுக்குப் பின்னால், நிலத்தின் பக்கம் இருக்கும். கடலின் நீலமும் பச்சையும் அப்போதுதான் நன்றாகத் தெரியும், படமும் நன்றாக வரும். மாலையில் அதே கடல் பளபளவென்று கண்ணைக் கூசும் தகடாகிவிடும். ஆனால் அஸ்தமனம் கிடைக்கும். கிழக்கு நோக்கிய கரைக்கு இதையே மாற்றிப் படியுங்கள். மேற்குத் திசையில் போகும் சாலை என்றால் ஓட்டத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். மாலையில் தாழ்ந்த வெயில் நேராகக் கண்ணாடியில் அடித்து எதிரே வருவதை மறைத்துவிடும்.

காற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு. பகலில் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகும். நிலத்தின் மேலுள்ள காற்று மேலெழ, அந்த இடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வரும். பிற்பகலில் அது வலுக்கும். எனவே படகுச் சவாரி, தெளிந்த நீரில் மீன் பார்ப்பது எல்லாம் காலையில். பட்டம் விடுவது, அலைகளை வேடிக்கை பார்ப்பது பிற்பகலில்.

அஸ்தமனம் பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அதைப் பார்க்கும் இடம் தங்குமிடத்திலிருந்து பத்து நிமிட ஓட்டத்துக்குள் இருக்க வேண்டும். சூரியன் மறைந்தபின் அறிமுகமில்லாத வளைவுச் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டுவது விடுமுறை ஆகாது. அந்தி நேரத்தில்தான் விலங்குகளும் சாலைக்கு வரும். ஆஸ்திரேலியாவில் கங்காரு, ஸ்காட்லாந்தில் மான். தங்குமிடத்தை இப்போது பதிவு செய்யுங்கள், அந்தப் பத்து நிமிட வட்டத்துக்குள்.

படி 6: வண்டியும் காகிதங்களும்

இதில் சொல்ல அதிகமில்லை. சிறிய வண்டி போதும். குறுகிய சாலையில் அகலமான வண்டி தலைவலி. வெளிநாடு என்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி தேவையா என்று பார்த்து, சொந்த நாட்டிலேயே வாங்கிக்கொண்டு போங்கள். போன இடத்தில் அது கிடைக்காது.

வாடகை ஒப்பந்தத்தில் மணலில் ஓட்டலாமா, படகில் ஏற்றலாமா, காற்றினால் ஏற்படும் சேதத்துக்குக் காப்பீடு உண்டா என்ற மூன்றையும் தேடிப் படியுங்கள். கடற்கரை மணலில் இறக்கிய வண்டிக்குக் காப்பீடு பெரும்பாலும் செல்லாது. ஐஸ்லாந்தில் கதவைத் திறக்கும்போதே காற்று அதைப் பின்னால் மடக்கி உடைத்துவிடும் அளவுக்கு வீசும். காற்றை எதிர்கொண்டு நிறுத்தி, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி இறங்குவதே அங்கே பழக்கம்.

வரைபடத்தைக் கைபேசியில் முன்பே இறக்கி வையுங்கள். மலையடிவாரக் கரைகளில் சிக்னல் போய்விடும். எரிபொருள் பாதித் தொட்டிக்குக் கீழே போனால், அடுத்து வரும் பெட்ரோல் பங்கில் நிரப்பிவிடுங்கள்.

படி 7: ஓட்டும்போது

ஓட்டுபவர் கடலைப் பார்க்கக் கூடாது. இதைக் கிளம்பும் முன்பே வண்டியில் எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். பார்க்க வேண்டுமா, ஒதுக்கி நிறுத்துங்கள். 'அங்கே பார், அங்கே பார்' என்று ஓட்டுபவரிடம் கைகாட்டுவதும் கூடாது. முடிந்தால் மதியத்தோடு ஓட்டுபவரை மாற்றுங்கள், இருவருக்கும் கடல் கிடைக்கும்.

வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறையுங்கள், உள்ளே போய் பிரேக் அழுத்தாதீர்கள். நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். கியரைக் குறைத்து எஞ்சினே வண்டியைப் பிடிக்கும்படி விடுங்கள். தானியங்கிக் கியர் வண்டியிலும் குறைந்த கியர் நிலை இருக்கும், கிளம்பும் முன்பே எங்கே என்று பார்த்துவையுங்கள்.

ஸ்காட்லாந்தின் வடகரை போன்ற ஒற்றைத்தடச் சாலைகளில் ஆங்காங்கே ஒதுங்குமிடங்கள் இருக்கும். எதிரே வண்டி வந்தால், ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் நுழைந்து நில்லுங்கள். வலப்பக்கம் இருந்தால் அதன் நேரெதிரே சாலையிலேயே நின்று, எதிரே வருபவர் அதற்குள் ஒதுங்க விடுங்கள். அதே இடங்களில் பின்னால் வருபவர்களுக்கும் வழிவிடுங்கள். அவர்கள் வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்கள், நாம்தான் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். ஒதுங்குமிடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுப்பதைப் போல் அவர்களுக்கு எரிச்சலூட்டுவது வேறில்லை.

வயிற்றைப் புரட்டும் என்பவர்களை முன்சீட்டில் உட்கார வையுங்கள். தொடுவானத்தைப் பார்க்கட்டும், கைபேசியை அல்ல.

படி 8: இறங்கிய பிறகு

கடலோரப் பாறை நிலையானது என்று நினைக்காதீர்கள். கிரேட் ஓஷன் ரோட்டில் 'லண்டன் பிரிட்ஜ்' என்று பெயர்பெற்ற சுண்ணாம்புப் பாறை வளைவு 1990 ஜனவரியில் இடிந்து விழுந்தது. கரையோடு இணைந்த பகுதிதான் விழுந்தது. கடல் பக்கம் எஞ்சிய பாறையில் நின்றிருந்த இருவரை ஹெலிகாப்டரில் மீட்டார்கள். அருகிலுள்ள 'பன்னிரண்டு அப்போஸ்தலர்' பாறைத் தூண்களில் ஒன்று 2005 ஜூலையில் சரிந்தது. மால்டாவின் 'அசூர் விண்டோ' 2017 மார்ச்சில் ஒரு புயலில் முழுவதுமாகக் காணாமல் போனது. அலை அடியில் அரித்துக்கொண்டே இருக்கும், மேலே நிற்பவருக்குத் தெரியாது. வேலி எங்கே முடிகிறதோ அங்கேயே நில்லுங்கள். பாறைமுகத்தின் நேர்கீழே துண்டு விரித்துப் படுப்பதும் வேண்டாம்.

அலைக்கு முதுகு காட்டாதீர்கள். ஐஸ்லாந்தின் ரெய்னிஸ்ஃப்யாரா என்ற கறுப்பு மணல் கரையில், பத்து அலைகள் அமைதியாக வந்து போனபின் திடீரென ஒன்று வெகுதூரம் ஏறி ஆளை இழுத்துக்கொண்டு போகும். உயிரிழப்புகள் நடந்த இடம் அது. ஈர மணல் எதுவரை இருக்கிறதோ குறைந்தது அதுவரையாவது அலை வரும் என்று கொள்ளுங்கள்.

குளிக்கப் போகிறீர்களா? உயிர்காப்பாளர்கள் இருக்கும் கரையில் மட்டும். பல நாடுகளில் சிவப்பும் மஞ்சளும் கலந்த இரு கொடிகளுக்கு நடுவே குளிக்கச் சொல்வார்கள். அலை உடையாமல், சற்றுக் கருமையாக, அமைதியாகத் தெரியும் இடைவெளி பாதுகாப்பானது போலத் தோன்றும். உண்மையில் கரைக்கு வந்த நீர் கடலுக்குத் திரும்பிப் போகும் வழி அதுதான். அதில் சிக்கினால் கரையை நோக்கி நேராக நீந்தப் பார்க்காதீர்கள், நீரோட்டம் வெல்லும். மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேளுங்கள். பலம் இருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பிலிருந்து வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள்.

படி 9: உப்பு

கடற்காற்றில் ஒரு இரவு நின்ற வண்டியின் கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலம் இருக்கும். வைப்பரை உலர்ந்த கண்ணாடியில் ஓட்டாதீர்கள், கோடு விழும். நல்ல தண்ணீர் ஊற்றித் துணியால் துடையுங்கள். காலையில் பிரேக் தட்டில் செம்மஞ்சள் துரு தெரிந்தால் பயப்பட வேண்டாம். நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் போய்விடும்.

சொந்த வண்டி என்றால் வீடு வந்ததும் அடிப்பாகத்தையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். துரு தொடங்குவது மேல்பூச்சில் அல்ல, கண்ணுக்குத் தெரியாத அந்த இடங்களில்தான். வாடகை வண்டி என்றால் திருப்பிக் கொடுக்கும் முன் மிதியடிகளை உதறி, சீட்டின் தண்டவாளத்தில் மாட்டிய மணலை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மணலுக்கென்று தனியாகத் துப்புரவுக் கட்டணம் போடும் நிறுவனங்கள் உண்டு.